முதுகில் ஒரு பனங்கொட்டை

போன வாரம் தொண்டியிலிருந்து ராமநாதபுரம் வரும் பஸ்ஸில் ஒரே சிரிப்பு. காரணம் - ஒரு குறட்டை!

எனக்கு முன் ஸீட்டில் ஒரு தம்பதி. மனிதர் நல்ல பருமன், கழுத்தே தெரியவில்லை. பஸ் புறப்பட்டதுமே மனைவியின் தோளில் சாய்ந்துவிட்டார்.

கண்டக்டர் சும்மா இருப்பாரா?

"டிரைவர் அண்ணே, இன்ஜின்ல ஏதோ சத்தம் வருது. நிப்பாட்டிப் பாருங்க!"

அந்தப் பெண்ணும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறட்டை நடுவில் அறுந்து போனதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கர்... கர்... அப்புறம் ஒன்றுமே இல்லை. நெஞ்சு எழும்புகிறது, மூச்சு மட்டும் வரவில்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி ஒரு திணறல். மறுபடியும் கர்...

அந்த இடைவெளியில் பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "அப்பாடா, நின்னுருச்சு!"

இதே வார்த்தையை முன்பும் ஒருமுறை கேட்டவள் நான்.

எங்கள் வீட்டுக்காரருக்கும் இதே குறட்டைதான். "எம் மகன் படுத்திருந்தா வீட்டுக்கு நாயே வேணாம்" என்று மாமியாருக்கு அதில் பெருமை வேறு. பகலிலோ ஏர் உழும்போதே, மேழியைப் பிடித்தபடி கண் சொருகும். சோற்றில் கை வைத்தபடி தூங்குவார். சோம்பேறி என்றார்கள். தூக்கத்தில் திணறி எழுந்து உட்கார்ந்தால், அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறி அமுக்குகிறது என்றார் கோடாங்கி. தலைமாட்டில் அரிவாள் வைத்தோம். அரிவாளைக் கண்டு பேய் பயப்படலாம்... தொண்டை பயப்படுமா?

கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் இவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டார். "இவரு தூங்குறப்ப நீங்க பார்த்திருக்கீங்களாம்மா? மூச்சு நிக்குதா?"

வாய் திறக்கக் கூச்சம். இவர் முதுகுக்குப் பின்னால் நின்றே தலையாட்டினேன்.

தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். உடம்பு இளைக்க வேண்டும், மல்லாந்து படுக்கக்கூடாது என்றார். முதுகில் உறுத்துகிற மாதிரி எதையாவது வைத்துத் தைத்துவிடச் சொன்னார்.

எங்கள் பக்கம் பனங்கொட்டைக்கா பஞ்சம்? பனியனின் முதுகில் ஒரு பை தைத்து, ஒரு கொட்டையை உள்ளே வைத்து மூடினேன். "என்னை என்ன பொதிமாடுன்னு நினைச்சியா?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் போட்டுக்கொண்டார். புரண்டால் உறுத்தும், உடனே ஒருக்களிப்பார். மூச்சு சீராக வந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு, சாப்பிட்டதும் சாயாமல் என்னோடு உட்கார்ந்து பேசினார்! என்ன பேசினார்? ஒன்றுமில்லை... மழை, மாடு, மகளுக்குப் பார்த்த வரன்.

அந்த வருஷம் மிளகாய் நன்றாக விளைந்தது. காயப்போட்ட களத்தில் ஆண்கள்தான் காவல் படுப்பார்கள். பெண்கள் இருட்டிய பின் அங்கே போகும் வழக்கமில்லை.

பங்காளிகள் பனியனைப் பார்த்துவிட்டார்கள்.

"ஏலே, அண்ணனுக்குக் கூன் விழுந்துருச்சுடா!"

"கூன் இல்லலே, பொண்டாட்டி கட்டிவிட்ட கட்டை!"

மனிதர் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டார்.

விடிந்ததும் கொழுந்தன் ஓடிவந்தான். வாசலிலேயே விழுந்து அழுதான்.

"நல்லாத்தான் தூங்குனாரு மதினி. குறட்டை விட்டுக்கிட்டே இருந்தாரு. திடீர்னு சத்தமே இல்ல. அப்பாடா, நின்னுருச்சுன்னு நாங்களும் தூங்கிட்டோம் மதினி..."

அவனை என்ன சொல்வது? அவனுக்கு அது நிம்மதியாகத்தானே கேட்டிருக்கிறது!

எழுதுகிற அளவுக்கு எனக்குப் பேச வராது. ஆனாலும் பஸ்ஸில் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டேன்.

"ஏத்தா, இவுக பகல்ல எப்பவும் இப்படித்தானா?"

"ஆமாம்மா. கடையில தராசைப் பிடிச்சுக்கிட்டே தூங்குவாக. ஏன் கேக்குறீக?"

சொன்னேன். தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பு போய்விட்டது. புறங்கையை அவர் மூக்கருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். கர்... கர்... நின்றது. கை அப்படியே இருந்தது. சட்டென்று அவரைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னடி, ஊரு வந்துருச்சா?"

"இல்ல. நீங்க மூச்சு விடுங்க."



இறங்கும்போது டாக்டர் இருக்கும் தெருவைக் கேட்டுக்கொண்டாள். கொட்டை மட்டும் போதாது, முதலில் டாக்டரிடம் காட்டு என்று சொல்லி அனுப்பினேன். உங்கள் வீட்டிலும் நின்று நின்று வரும் குறட்டை இருந்தால், சிரித்துவிட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது குறட்டையே கிடையாது. எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.