கயிறு பிடிக்கிறவன்

ஜவ்வாது மலையில் பாறைத்தேன் எடுக்க வேடியப்பன் கயிற்றில் இறங்கும்போது, மேலே அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் அர்ச்சுனன். வேடியப்பன் அவன் தங்கை கெங்கம்மாளின் புருஷன். தங்கையின் தாலியைப் பறிகொடுக்க எந்த அண்ணனும் துணிய மாட்டான் என்பதால் அந்தக் கயிறு மச்சான் கையைத் தவிர வேறு கைக்குப் போகாது.

எண்பத்திரண்டாம் வருஷம் புளி உலுக்கும்போது கிளை முறிந்து விழுந்து அர்ச்சுனனின் வலது கையில் அடி. எலும்பு கூடிவிட்டது, பிடி கூடவில்லை. கனத்தைத் தாங்கினால் கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேடியப்பன் வேறு ஆளை நம்பி இறங்க மாட்டான். இறங்காவிட்டால் சாமை விளைச்சல் மட்டும் இரண்டு குடும்பத்துக்குப் பத்தாது.

மறுவருஷம் செங்கத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் தேனீப் பெட்டிகள் கொடுத்தார். கூடவே ஒரு தகர டிரம். அடையைச் சட்டத்தோடு உள்ளே நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினால் தேன் தெறித்து அடியில் சேரும். அடை உடையாது, குஞ்சு சாகாது, ஈக்கள் அதே அடையில் மறுபடி தேன் வைக்கும். ஆனால் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும் என்று அவர் சொல்லித்தான் போனார்.

வேடியப்பனுக்கு நம்பிக்கையில்லை. சின்ன ஈ, தேனும் கொஞ்சம். எறும்பு ஏறினாலே பெட்டியை விட்டு ஓடிவிடும் என்றான். அர்ச்சுனன் கெஞ்சிக் கூத்தாடி அந்தக் கோடையில் அவனைப் பாறைக்குப் போகாமல் நிறுத்தினான். நிறுத்தியதால் பாறைத்தேனுக்கு ஈடாகப் பெட்டித்தேனைக் காட்டியாக வேண்டியிருந்தது. சுற்றினான், சுற்றினான். அடைகளில் சொட்டு மிச்சமில்லாமல் சுற்றினான்.

மழை பிடித்தது. பூ இல்லை, உள்ளே இரையும் இல்லை. ஒரு பெட்டியைத் தவிர மற்றவையெல்லாம் காலியாகிவிட்டன. வேடியப்பன் ஏளனம் செய்யவில்லை.

"வுடு மச்சான். வர்ற கோடைக்குக் கயித்த எடுத்துக்கலாம்" என்றான்.

அந்தக் கோடை வந்தது. புறப்படுகிற அன்று தண்ணீர்க் குடத்தை இறக்கப்போன அர்ச்சுனனின் கையிலிருந்து குடம் நழுவியது. கெங்கம்மாள் பார்த்துவிட்டாள்.

"கையில இன்னாண்ணா?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

"அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னா யார நம்பி எறங்குவான்?"

உடைந்த சில்லுகளைப் பொறுக்கி எடுத்தாள். பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், "அப்ப நீ வுட்றாதண்ணா" என்றாள்.

மலையுச்சியில் கயிற்றைப் பாறை முனையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மீதியைத் தன் இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டான் அர்ச்சுனன். காற்று அதிகம், அதற்குத்தான் என்று வேடியப்பனிடம் சொல்லி வைத்தான். விரல்கள் மரத்தபோது உடம்பைப் பின்னால் சாய்த்துத் தாங்கினான். தேன் மேலே வந்தது. அப்புறம் மச்சானும் வந்தான். முடிச்சை அவிழ்த்தபோது இடுப்புத் தோல் உரிந்திருந்தது.

தங்கிய அந்த ஒரு பெட்டியை அவன் அதற்குப் பிறகு ஒட்டச் சுற்றியதில்லை. அது இரண்டானது, மூன்றானது. இருந்தும் பாறையை விடுகிற அளவுக்குத் தேன் தரவில்லை. கண் மங்கி வேடியப்பனே போதும் என்று சொல்லும்வரை அர்ச்சுனன் வருஷா வருஷம் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டான். அவர்கள் மலையேறும் நாட்களில், இரண்டு பேரும் திரும்பும்வரை, கெங்கம்மாள் அடுப்பு மூட்டியதே இல்லை.