ஜாக்கெட்காரியின் கால் இன்ச்

வேங்கிக்காலில் 'கண்ணாயிரம் தையலகம்' என்று ஒரு பலகை இருக்கிறது. கண்ணாயிரத்துக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து தைத்தவள் அவர் மனைவி ரேணுகாம்பாள். "ஆம்பள பேரு போட்டா கடைன்னு நினைப்பாங்க, பொம்பள பேரு போட்டா வீடுன்னு நினைச்சிக்குவாங்க" என்று பலகை எழுதியவர் சொன்னார். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமில்லை என்று தெரிய அவளுக்குப் பதினைந்து வருடம் ஆயிற்று. அதற்குள் பெயிண்ட் நன்றாகப் பிடித்துவிட்டிருந்தது.

கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைத்தாள். அவளுடைய புகழுக்குக் காரணம் வெளியே தெரியாத ஒரு விஷயம். பக்கத் தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டிருப்பாள். வருடத்துக்கு ஒரு தையலைப் பிரித்தால் போதும், ஆளோடு சேர்ந்து ஜாக்கெட்டும் வளரும். பிள்ளைப்பேறு, பதவி உயர்வு, தைராய்டு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கித் தைத்தவள் என்று அவளைச் சொல்லலாம். துணியைக் குறைத்து வெட்டுகிற தையல்காரியை அவள் மனுஷியாகவே மதித்ததில்லை.

இப்படிப்பட்டவளைத்தான் வேதா வந்து அழைத்தாள். வேதா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் துணிப்பை, தலையணை உறை, ஒட்டுப் போர்வை தைத்து விற்கும் கடை திறந்திருந்தாள். "ரேணுகாக்கா, ஊர் பூரா விசாரிச்சேன். எல்லாரும் உங்க பேரைத்தான் சொல்றாங்க. நீங்கதான் வேணும்" என்றாள். தன் பெயரை ஊர் சொல்கிறது என்ற செய்தியே ரேணுகாம்பாளுக்குப் போதுமானதாக இருந்தது. மற்ற விவரங்களை அவள் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேதா இன்னொருத்தியிடமும் "நீங்கதான் வேணும்" என்று சொல்லியிருந்தது தெரியவந்தது.

அவள் பெயர் தமிழ்செல்வி. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். முப்பது வயது இருக்கும். சென்னைப் பக்கம் ஒரு சட்டைக் கம்பெனியில் ஐந்து வருடம் காலர் மட்டும் தைத்தவள். காலரைத் தவிர சட்டையின் வேறெந்தப் பகுதியோடும் அவளுக்குப் பழக்கமில்லை.

"ஒரு ஜாக்கெட் வெட்டுவியாம்மா?" என்று முதல் நாளே கேட்டாள் ரேணுகாம்பாள்.

"தெரியாதுக்கா."

"பாவாடை?"

"அதுவும் தெரியாதுக்கா. நேரா தைக்கச் சொன்னா தைப்பேன்."

ரேணுகாம்பாளுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கியது. நேராகத் தைப்பதெல்லாம் ஒரு வேலையா?

துரதிர்ஷ்டம், ஒட்டுப் போர்வைக்கு அது ஒன்றுதான் வேலை. பூப் போர்வை என்று வேதா கொண்டுவந்த மாதிரிப் படம் பார்க்கத்தான் பூ, செய்முறையில் வெறும் கட்டம். ஏழுக்கு ஏழு சதுரம் சேர்ந்தால் ஒரு பூ. ஒவ்வொரு சதுரத்தையும் தனியாக வெட்டித் தைத்தால் வருடம் ஓடிவிடும் என்பதால் ஒரு தந்திரம் உண்டு. இரண்டரை இன்ச் அகலத்தில் ஏழு நிறத்து நீளப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துத் தைத்துவிட வேண்டும். அது ஒரு செட்டு. அதை மைசூர்பாகு மாதிரி குறுக்கே இரண்டரை இன்ச்சுக்கு ஒன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் பூவின் ஒரு வரிசை. ஏழு செட்டில் ஏழு வரிசை. ஒரு செட்டில் பதினேழு துண்டு கிடைக்கும், போர்வைக்குப் பதினாறு பூ, ஒன்று கைக்காவல். இதில் தையல் பிடிப்பு, அதாவது தையலுக்கு உள்ளே விடும் துணி, கால் இன்ச், கண்டிப்பாகக் கால் இன்ச். ஒரு நூல் கூடினால் இதழ் இதழோடு சேராது.

கண்ணாயிரத்துக்கு இதை விளக்கியபோது அவர் கேட்ட கேள்வி: "நல்ல துணிய வெட்டி, தச்சி, மறுபடி வெட்டி, மறுபடி தைக்கறதுக்கு, வெட்டாமலே வுட்டுட்டா இன்னா?"

"உனக்கு இன்னா தெரியும், வண்டிய பாத்து ஓட்டு" என்றாள். உள்ளுக்குள் அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

தமிழ்செல்வியின் கை கால் இன்ச்சுக்கென்றே செய்தது மாதிரி ஓடியது. ரேணுகாம்பாளின் கை, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், உள்ளே கொஞ்சம் விட்டுப் பிடித்தது. அவள் தைத்த முதல் பூவில் இதழ்கள் ஒன்றையொன்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. வேதா நல்லவள், "பரவாயில்லக்கா, உங்களுக்குப் பை நல்லா வருது" என்றாள். ஜாக்கெட்காரியைப் பார்த்துப் பை நல்லா வருது என்பதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

அதிலிருந்து ரேணுகாம்பாளுக்குத் தமிழ்செல்வி செய்வதெல்லாம் கண்ணில் உறுத்தியது. அவள் கொண்டுவரும் வேர்க்கடலைத் துவையல், மிஷினுக்கு எண்ணெய் போட்டு வாயால் ஊதுவது, தைத்ததை இஸ்திரி போட்டு முகத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பது. எல்லாவற்றையும்விட மோசம், அவள் மரியாதையாக இருந்தது. சண்டைக்காரியாக இருந்தால் வெறுக்கச் சௌகரியமாக இருந்திருக்கும். "அக்கா, சாப்டீங்களா?" என்று தினமும் கேட்கிறவளை வெறுப்பதற்குத் தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது. ரேணுகாம்பாள் பாடுபட்டாள்.

இந்த நிலையில்தான் பெரிய ஆர்டர் வந்தது. ஆசிரமத்துப் பக்கம் வருடாவருடம் வந்து தங்கும் ஒரு வெள்ளைக்காரம்மா, மகள் கல்யாணத்துக்குப் பூப் போர்வை கேட்டாள். தைத்தவர் பெயரைப் போர்வையின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் துணித் துண்டில் பின்னிக் கொடுக்க வேண்டும் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. அவர்கள் ஊரில் அது வழக்கமாம்.

"தமிழ்செல்வி பேர் போடலாம். தைக்கறது அவங்கதானே" என்று வேதா சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

ரேணுகாம்பாள் ஒரு பைக்குக் காது வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காதை மூன்று தடவை தைத்தாள். ஆயிரக்கணக்கான ஜாக்கெட். ஒன்றின் முதுகிலாவது அவள் பெயர் இருக்கிறதா? வீட்டு வாசலிலேயே இல்லை. நேராகத் தைக்க மட்டும் தெரிந்தவள் பெயர் விமானத்தில் ஏறிக் கல்யாணத்துக்குப் போகிறது.

அடுத்த வாரம் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு பஸ்களைத் திருப்பிவிடுவார்கள், மத்தியானத்துக்குள் கிளம்பாவிட்டால் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர முடியாது. தமிழ்செல்வி ஏழு செட்டையும் தைத்து, இஸ்திரி போட்டு, மேசைமேல் அடுக்கிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவினாள். வேதா துணி எடுக்க ஈரோடு போயிருந்தாள். போனில் சொன்னாள்: "ரேணுகாக்கா, அந்தச் செட்டை மட்டும் வெட்டி வெச்சுடுங்க. ரெண்டரை. நாளைக்கு வந்ததும் தமிழ்செல்வி கோக்க ஆரம்பிச்சுடட்டும்."

"அதுக்கு இன்னா, வெட்டிடறேன்" என்றாள் ரேணுகாம்பாள்.

"வரேங்கக்கா. உங்க கையில வெட்டுனா எனக்கு பயமில்ல" என்றுவிட்டுத் தமிழ்செல்வி போனாள். கள்ளமில்லாமல் சொன்னதுதான். ஆனால் அது 'நான் தைப்பேன், நீ வெட்டு' என்று காதில் விழுந்தது.

கடையில் யாருமில்லை. சக்கரக் கத்தி, கண்ணாடி மாதிரி ஸ்கேல், ஏழு செட்டு, ரேணுகாம்பாள். இரண்டே கால் வெட்டினால் போதும். கால் இன்ச்தான். ஒரு துண்டில் தெரியாது, இரண்டில் தெரியாது. ஏழைக் கோத்த பிறகு பூ மேலிருந்து யாரோ உட்கார்ந்த மாதிரி நசுங்கிவிடும். குறைந்த துணியை நீட்ட முடியாது. துணி புதிதாகச் சாயம் போட்டு வர இருபது நாள், கல்யாணத்துக்கு அதற்குள் போர்வை போய்ச் சேராது. பெயரும் போகாது. கேட்டால், "நீ தைக்கறப்ப இழுத்துட்டியோ இன்னாவோ" என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் தெளிவாக இருந்தது.

ஸ்கேலை இரண்டே காலில் வைத்தாள். கத்தியை எடுத்தாள். கை இறங்கவில்லை.

மனசாட்சி என்று தயவுசெய்து நினைத்துவிட வேண்டாம். அவள் மனது முழுச் சம்மதத்தோடுதான் இருந்தது. கைதான் கேட்கவில்லை. துணியைக் குறைத்து வெட்டுவது என்பது அந்தக் கைக்குத் தெரியாத காரியம். திரும்ப வைத்தாள், ஸ்கேல் தானாக இரண்டரைக்கு நகர்ந்தது. சே, இவளுக்குச் சரியாக வெட்டிக் கொடுக்கவா நான் இங்கே நிற்கிறேன் என்று ஆத்திரம் வந்தது. கெடுத்தே தீர வேண்டும். கையும் மனதும் கொஞ்ச நேரம் பேரம் பேசி, கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தன. இரண்டே முக்கால்.

அப்படியே ஏழு செட்டையும் வெட்டினாள். துண்டுக்குக் கால் இன்ச் கூட. பதினாறு பதினாறாக அடுக்கினாள். கைக்காவல் துண்டு மட்டும் மிஞ்சவில்லை. கெடுதல் செய்வதிலும் உள்ளே துணி விட்டுச் செய்தவள் என்ற பெருமை அவளைத்தான் சேரும்.

மறுநாள் தமிழ்செல்வி வந்து முதல் பூவைக் கோத்தாள். இஸ்திரி போட்டாள். முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பிறகு சுவரில் குத்தி, நாலு அடி பின்னால் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து மிச்சத் துண்டில் ஸ்கேலை வைத்தாள்.

"அக்கா."

"இன்னா?"

"ரெண்டே முக்கால் இருக்குது."

"உள்ள கொஞ்சம் விட்டேன். ஜாஸ்தியா இருந்தா வெட்டிக்க. கம்மியாவா வெட்டிட்டேன்?"

தமிழ்செல்வி அவளைப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் கால் இன்ச் நறுக்க ஒரு நாள் முழுக்கப் போகும். "நீங்க தப்பா அளக்கற ஆளா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். ரேணுகாம்பாள் மிஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தமிழ்செல்வி கத்தியை எடுத்து முதல் துண்டை ஸ்கேலுக்கு அடியில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வேதா வெள்ளைக்காரம்மாவை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வெள்ளைக்காரம்மா சுவரிலிருந்த பூவுக்கு முன்னால் போய் நின்றாள். வேதாவுக்கு முகம் மாறியது. படத்தில் இருந்த பூ இது அல்ல. அது வட்டமாக, தட்டில் வைத்த சாமந்தி மாதிரி இருந்தது. இது இதழ் நீண்டு, தண்ணீருக்கு மேலே தலை தூக்கிய தாமரை மாதிரி நின்றது.

வெள்ளைக்காரம்மா கையைத் தட்டினாள். பிறகு வேகமாக ஏதோ பேசினாள்.

"படத்துல இருந்ததைவிட இது நூறு மடங்கு நல்லா இருக்காம். இப்படியே வேணுமாம்" என்றாள் வேதா. "தமிழ்செல்வி! எப்படிங்க தோணுச்சு உங்களுக்கு?"

ரேணுகாம்பாளின் வாழ்க்கையில் பொறாமைப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. ஓரகத்தியின் மிக்ஸி, தங்கையின் மாடி வீடு. ஆனால் தான் செய்த கெடுதலுக்கு இன்னொருத்தி பாராட்டு வாங்குவதைப் பார்த்து எரிவது புது அனுபவம். நான்தான் செய்தேன் என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் ஏன் செய்தாய் என்பார்கள்.

தமிழ்செல்வி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் இல்லீங்க. அக்கா வெட்டுனது. ஏன் அப்படி வெட்டுனாங்கன்னு அவங்களத்தான் கேக்கணும்."

அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று ரேணுகாம்பாள் இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறாள். காலர் தைத்தவளுக்கு எதையும் மடிப்புக்குள்ளே வைத்துத் தைக்கத் தெரியும்.

"சொல்லுங்கக்கா" என்றாள் வேதா.

ரேணுகாம்பாள் எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். "அது... பூ சப்பையா இருந்துச்சு. பாக்க நல்லா இல்ல. நிமித்தி வுட்டேன்" என்றாள்.

"அக்கா ரெண்டே முக்கால்னு முன்னாடியே சொல்லியிருந்தா நானும் தெரிஞ்சிக்கிட்டிருப்பேன்" என்றாள் தமிழ்செல்வி. குரலில் பழைய மரியாதை அப்படியே இருந்தது. ஆனால் அடுத்த பௌர்ணமிக்கு அவள் தைத்த செட்டுகளைப் பையில் போட்டுக் கீழ்பென்னாத்தூருக்கே எடுத்துப் போனாள்.

போர்வை, கேட்ட அளவைவிட ஏழு இன்ச் கூடுதல் நீளமாக முடிந்தது. பின்பக்க மூலையில் பெயர்த் துணி. இரண்டு வரி: மேலே தமிழ்செல்வி, கீழே ரேணுகாம்பாள். பின்னியவள் தமிழ்செல்வி. ஒரு எழுத்துகூட சாயவில்லை. அதைப் போர்வையில் வைத்துக் கைத்தையல் போட்டது ரேணுகாம்பாள். எந்த வரி மேலே என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. போர்வையைத் தலைகீழாக விரித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். பெயரும் தலைகீழாகத்தான் தெரியும். வேறு வழியில்லாமல் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கண்ணாயிரத்திடம் காட்டினாள். அவர் ஆட்டோ துடைக்கிற துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பரவால்லியே, உன் பேரு ஃபாரினுக்குப் போவுது. மேல இருக்கறது யாரு?"

"கூட வேல செய்யற பொண்ணு."

"நல்லா தைப்பாளா?"

ரேணுகாம்பாள் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, மேல் வரி திரைக்கு வெளியே போகும்வரை நகர்த்தினாள்.

"நேரா தைப்பா" என்றாள். பிறகு, நியாயமாக முடிக்க வேண்டுமே என்று, "வெட்டத் தெரியாது."