எந்த ஷெல்லிலும் ஓடும் என்று நான் சொன்ன ஸ்கிரிப்ட்

ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிப் பிழைக்கிறவன் வாயில் வரவே கூடாத பேச்சு, "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுச்சு!" பட்டவர்களுக்குத் தெரியும். படாத புண்ணியவான்களுக்கு: ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளைக் கேட்டுச் செய்யும் புரோகிராம்; அந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால் ஸ்கிரிப்ட். யூனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் சிஸ்டத்தில் பல வகை, வகைக்கு வகை ஷெல் வேறு. காஜா பேராங் பேட்டையில் எங்கள் ஆபீஸ், முதலாளியோடு சேர்த்து மூன்றே பேர். சோறு போட்டது ஆயர் குரோவில் இருந்த ஒரே ஒரு கையுறைத் தொழிற்சாலை. அது கைவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஆளே இல்லை

நான் எழுதியது பாஷ் என்ற ஷெல்லுக்கு. தொழிற்சாலையின் பழைய யூனிக்ஸில் பாஷ் கிடையவே கிடையாது. ஸ்கிரிப்ட் போய் பாஷைக் கேட்டதும், மெஷின் 'அப்படி யாரும் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டது. அங்கே கம்ப்யூட்டர் பகுதியைப் பார்த்துக்கொண்ட குணா அண்ணன் தலையில் கை வைத்தார். "உங்க ஸ்கிரிப்ட்டும் எங்க மெஷினும் யாராவது ஒருத்தர் இறங்கி வாங்கப்பா!"

முதல் வரி

எந்த ஷெல் வேண்டும் என்று சொல்வது ஸ்கிரிப்ட்டின் முதல் வரி; அதில் பாஷ் பெயரை எடுத்துவிட்டு, எங்கும் இருக்கும் சாதாரண ஷெல்லான 'எஸ்எச்' என்று போட்டேன். ஆபீஸில் ஜோராக ஓடியது. ஓடாதா பின்னே? யூனிக்ஸ் மாதிரியே இருக்கும் எங்கள் ஆபீஸ் லினக்ஸில் எஸ்எச் என்று கூப்பிட்டாலும் வருவது அதே பாஷ்தான்! தொழிற்சாலையில் வந்தது அசல் எஸ்எச்; பாஷுக்கு மட்டுமே புரியும் பிரிண்டர் பட்டியல் வரியிலேயே குப்புற விழுந்தது. உடன் வேலை பார்த்த லெட்சுமி சிரிக்கக்கூட இல்லை. "போர்டை மாத்திட்டா கடை மாறிடுமா லா?"

துடைப்பம்

மெர்டேக்கா என்ற சுதந்திர தின விடுமுறைக்கு முதல் நாள் வந்தது என் ஏழரை. பழைய ஃபைல்களைத் துடைக்க ஒரு ஸ்கிரிப்ட். 'புஷ்டி' என்ற கட்டளையால் குப்பை ஃபோல்டருக்குள் போ, அங்கே இருப்பதையெல்லாம் அழி. அவ்வளவுதான். புஷ்டி பாஷுக்குத் தெரியும், தொழிற்சாலையின் ஷெல்லுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றிருக்கலாம், பாவி! அடுத்த வரிக்குப் போய், நின்ற இடத்தையே வழித்துத் துடைத்துவிட்டது. போனது ஷிப்ட் பட்டியல். யாருக்கு லீவு, யாருக்கு வேலை என்று தெரியாமல் ஜனம் கேட்டில் நின்றது. நகல் எடுத்து வைத்த பேக்கப் டேப் இருந்தது. அதை மீட்கும் ஸ்கிரிப்ட்டும் அடியேன் எழுதியது, அதுவும் ஓடவில்லை. குணா அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "தம்பி, இத்தனை நாளா ஓடலைன்னு ஏசினேன். இனிமே தயவு செஞ்சு ஓடவே விடாதீங்க."

ஷட்டர்

அத்தோடு தொழிற்சாலைக்காரர்கள் எங்களை நிறுத்திவிட்டார்கள். எல்லா ஸ்கிரிப்ட்டையும் பழைய ஷெல்லுக்கும் தெரிந்த கட்டளைகளாலேயே திரும்ப எழுதினேன். 'உள்ளே போக முடியாவிட்டால் நில்' என்றும் சேர்த்தேன். எங்கள் முதலாளி சிட்டி வீட்டுப் பிள்ளை, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்கு மாறிவிட்ட தமிழ் வம்சம், மலாய்தான் பேசுவார். என் தோளைத் தட்டினார், ஷட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தார். "சுடா லா, குமார். துத்துப் சாஜா." போதும், மூடிவிடலாம் என்று அர்த்தம்.

எந்த ஷெல்லிலும் ஓடுகிற ஸ்கிரிப்ட் ஒருவழியாக என் கையில் இருக்கிறது, ஓட்டிப் பார்க்கத்தான் ஒரு மெஷின் இல்லை.