படத்தில் தெரியாத பிளவு

எங்கள் பள்ளிச் சமையற்காரி மெரெரிட்டுக்கு வாய் அதிகம் என்பார்கள். தட்டில் பட்டாணியை மிச்சம் வைத்த தலைமையாசிரியரையே நிற்க வைத்துக் கேட்டவள். நான் பள்ளி பஸ் ஓட்டுகிறவன், அவள் பக்கத்து வீட்டுக்காரன். அவளுக்கு வாய் போதாது என்பேன்.

அவள் தம்பி கெத்தின், மனைவியோடும் கைக்குழந்தையோடும் பழைய குவாரியின் கல்கழிவு மேட்டுக்கு அடியில் குடியிருந்தான். அந்த இலையுதிர் காலத்தில் மழை விடவே இல்லை. நாயோடு மேலே நடக்கப் போன மெரெரிட், மேட்டின் உச்சியில் நீளமாக ஒரு பிளவைப் பார்த்தாள். தம்பியின் கேமராவை வாங்கிப்போய்ப் படம் எடுத்தாள்.

மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தால், "படம் இல்லாம ஆள் அனுப்ப மாட்டோம். மெயில்ல போடுங்க மேடம்" என்றார்கள். எங்கள் பள்ளத்தாக்கின் இணையம் மழை வந்தாலே படுத்துவிடும். படம் பாதி போகும், அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்த படங்களையும், அளவு பெரிது என்று அந்தப் பக்கத்துக் கணினி திருப்பி அனுப்பியது. பென் டிரைவில் போட்டுக்கொண்டு நேரிலேயே போனாள்.

"வெளியாள் கொண்டு வர்றத எங்க கம்ப்யூட்டர்ல செருகக் கூடாதுங்க. சின்னதாக்கி மெயில்ல அனுப்புங்களேன்."

"மலை சின்னதாகுமாடா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். ஆனாலும் வேறு வழியில்லாமல் படங்களைச் சுருக்கினாள். உடனே போய்விட்டன. பதிலும் வந்தது: படங்களைப் பரிசீலித்தோம், பிளவு எதுவும் தென்படவில்லை.

எப்படித் தென்படும்? சுருக்கிய படத்தில் சாம்பல் நிறக் கல்லும் சாம்பல் நிற வானமும்தான் இருந்தன. ஒரு ஆள் வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லி அவள் நச்சரித்தும் அசையாத கெத்தினுக்கு அந்தப் பதில் வசதியாகப் போயிற்று. "ஆபீஸ்லயே ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்கக்கா. நீ ஏன் சும்மா கத்துற?"

"நீ இங்கயே கெட. புள்ளைய நான் கொண்டு போறேன்."

குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கி நடந்துவிட்டாள். பின்னாலேயே தாய்க்காரி ஓடினாள். இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே கெத்தினும் போனான். வார இறுதிக்குள் மேடு சரிந்தது. கெத்தின் வீட்டுக் கூரை மட்டத்துக்கு மேலே கல்லும் சேறும் நின்றன.

பிறகு வந்தார் அதிகாரி, புது பூட்ஸ் போட்டுக்கொண்டு. சேற்றின் மேல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து மெரெரிட்டிடம் வந்தார்.

"விசாரணைக்கு அந்தப் படங்களோட அசல் வேணும் மேடம். சிரமம் பாக்காம மெயில்ல..."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அசல் உன் காலுக்குக் கீழ இருக்கு. அள்ளிட்டுப் போ."