முள்வேலியால் அடைத்த குறுக்குவழி

கொட்டகலையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியனாக வாழும் என் வீட்டு முற்றத்தின் ஊடே, மேட்டிலுள்ள வீட்டில் வசிக்கும் மாரிமுத்துவிடம் செல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு. அவர் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யச் செல்வோர், சிங்களத்தில் எவ்வாறு சொல்வதெனக் கேட்க முன்பெல்லாம் என்னையே நாடினர். அவர் குடிவந்தபின் என் வாயிலைக் கடந்து அவரிடம் சென்றனர். கையில் பழமும் பலகாரமும் வேறு! அக்காட்சியைப் பொறுக்க இயலாமல், அத்துமீறி நுழைகின்றனர் என்று காரணம் கூறி, வழியை முள்வேலியால் அடைத்தேன்.

சென்ற மாதம் ஒரு நண்பகலில், உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தபோது மாரிமுத்துவின் குரல் கேட்டது.

"வாத்தியாரய்யா! கேஸ் சிலிண்டர் மாத்த ஆள் அனுப்புனீங்களா? ஒருத்தன் தோள்ல தூக்கிட்டுப் போறானே!"

"இல்லீங்களே!" என்று அலறியவாறு வெளியே ஓடினேன். அவர் "டேய், நில்லுடா!" என்று அதட்ட, கள்வன் சிலிண்டரைத் தேயிலைச் செடிகளுக்கிடையே போட்டுவிட்டு ஓடிமறைந்தான். அவன் நுழைந்த சமையலறைக்கு அடுத்த அறையில்தான் என் மனைவி காய்ச்சலோடு தனியே உறங்கிக்கொண்டிருந்தார்.

விசாரிக்க வந்த பொலிஸ்காரர் வேலியைச் சுட்டி, "இத ஏன் அடைச்சீங்க? ஆள் நடமாட்டம் இருந்தா அவன் வருவானா?" என்றார்.

நான் வாய்திறக்குமுன் மாரிமுத்து சிரித்தார். "வாத்தியாருக்குப் பலகார வாசம் ஒத்துக்கல, சேர்!"

இப்போது வேலி இல்லை. சமையலறைக் கதவைத் தாழிடாமல் நான் உள்ளறைக்குச் செல்வதுமில்லை. அவரைத் தேடிச் செல்வோரைக் கண்டால் நெஞ்சு இன்னும் எரிகிறது. ஆயினும், "இப்படியே போங்க" என்று நானே வழிவிடுகிறேன். போகிறவர்களின் கண் என் வீட்டின்மீதும் படுமல்லவா?