நான் தாண்டிப்போன பக்கம்

2003-ஆம் ஆண்டு, ஆயுத பூஜை முடிந்த பதினோராம் நாள். புதன்கிழமை, மாலை ஆறே முக்கால் மணி. திருவண்ணாமலையில் தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய கம்ப்யூட்டர் கடையில், கையில் நாட்குறிப்பை விரித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். கடை நடத்திய பெண்ணை மூன்று வாடிக்கையாளர்களுக்கு முன்னால் ஏமாற்றுக்காரி என்று சொல்லாமல் சொன்னேன்.

நேரம் வரை நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. பதினெட்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். கோப்பில் தேதி மாறிவிட்டால் தூக்கம் வராத ஆள். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள்கூட என் நோட்டில் இருக்கும்.

விஷயம் என் அண்ணனிலிருந்து தொடங்குகிறது. அவர் லாரி டிரைவர். இருபத்திரண்டு வருடம் பெங்களூர் லைனில் ஓட்டியவர். சிங்காரப்பேட்டையைத் தாண்டி நடந்த ஒரு விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலைத் தாண்டமாட்டார். யாராவது பார்க்க வந்தால் தூங்குவதுபோலப் படுத்துக்கொள்வார்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தட்டச்சு வேலைக்காக 1999-இல் நான் அசெம்பிள் செய்து வாங்கியது. அலுவலக நண்பர் ஒருவர் கொடுத்த சி.டி.யில் வெளிநாட்டுச் சாலைகளில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. சும்மா போட்டுக் காட்டினேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் தானாக எழுந்து உட்கார்ந்தது அன்றுதான்.

அவர் விளையாடியதை விளையாட்டு என்று சொல்லமுடியாது. யாரையும் முந்தமாட்டார். இறக்கத்தில் வேகம் குறைப்பார். இரண்டு மணி நேரம் ஓட்டினால் நிறுத்திவிட்டு, டீ கேட்பார். விரல்கள் கீபோர்டில் இருந்தாலும் இடது கை அவ்வப்போது பக்கத்தில் இல்லாத கியர் கம்பியைத் தேடிப் போகும். "வலது பக்கமா ஓட்டற ஊர்டா இது, பழகினா சரியாயிடும்" என்பார்.

ஆனால் கம்ப்யூட்டர் பழசு. மலை வளைவு வந்தால் படம் நின்று நின்று நகரும். "வண்டி திக்குதுடா" என்று அண்ணன் சொல்வார். குறையாகச் சொல்லமாட்டார், ஒர்க் ஷாப்பில் சொல்வதுபோலச் சொல்வார். கொஞ்ச நாளில் திக்குகிற வண்டியை ஓட்டப் பிடிக்காமல் மறுபடியும் படுக்க ஆரம்பித்தார்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்க எனக்கு வழி இல்லை. விசாரித்துக்கொண்டு அந்தச் சந்துக் கடைக்குப் போனேன். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும் பெண். டிப்ளமோ முடித்துவிட்டுத் தனியாகக் கடை நடத்தினார். மாதம் இரண்டு முறை சென்னைக்குப் போய்ப் பழைய பாகங்கள் வாங்கிவந்து சோதித்து விற்பார். பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உள்ளே வராமலே திரும்பிப் போகிறவர்கள் உண்டு என்று அவரே சொன்னார்.

அண்ணனுக்குக் கால் போனதையும் அவர் வீட்டை விட்டு வராததையும் சொன்னேன். மதர்போர்டு முதல் எல்லாவற்றையும் மாற்றவேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டு போயிருந்தேன். அவர் சி.பி.யு.வைத் திறந்து பார்த்து, மெமரி கொஞ்சம் ஜாஸ்தி பண்ணி, ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு போட்டால் போதும், மற்றதெல்லாம் வீண் செலவு என்றார். புதுக் கார்டு விலைக்கு எனக்கு வரவேண்டிய பண்டிகை முன்பணம் போதாது. பழசு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கம்மி. பில் கேட்டேன்.

"பழைய சாமானுக்கு பில்லு எங்க சார் இருக்குது? ஆறு மாசத்துல போச்சுன்னா எடுத்துட்டு வாங்க. என் வார்த்தைதான் பில்லு. அது பொய்யாச்சுன்னா நான் கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

அதை அப்படியே நாட்குறிப்பில் எழுதினேன்.

அடுத்து வந்த வாரங்கள்போல நிம்மதியான நாட்கள் எங்கள் வீட்டில் முன்பு இருந்ததில்லை. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அண்ணன் காலையில் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆயுத பூஜை வந்தது. தறி, தையல் மெஷின், சைக்கிள், அரிவாள்மனை, எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் ஊர் எங்களுடையது. அண்ணன் கம்ப்யூட்டரைக் காட்டி, "வண்டிக்குப் பொட்டு வெக்காம இருக்கலாமா? மேல ஒண்ணு வெச்சுடு, போதும்" என்றார். மேலே ஒன்று வைத்துத் திருப்தியடையும் ஆளா நான்? ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே இருந்த பாகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, எடுத்த வரிசைப்படியே திரும்பப் பொருத்தினேன். அன்றைய பக்கத்துக்கு 'ஆயுத பூஜை' என்று தலைப்பிட்டு, செய்ததை எழுதி வைத்தேன்.

மறுநாள் விஜயதசமிக்குப் போட்டபோது நன்றாகவே ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை திடீரென்று பீப், பீப் என்று சத்தம் வந்தது, திரை இருண்டது. அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் ஆட்டோ நுழையாது. அடுத்தடுத்த நாட்களில் அலுவலகத்தில் ஆய்வு, என்னால் நகர முடியவில்லை. ஆக ஐந்து நாட்கள் அண்ணன் இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னை எதுவும் கேட்கவில்லை. அந்த ஐந்து நாட்களில் எனக்குள் கோபம் ஏறிக்கொண்டே போனது.

புதன்கிழமை மாலை ஆட்டோ வைத்துக்கொண்டு புறப்பட்டபோது, தானும் வருவதாக அண்ணன் சொன்னார். வழியில் சி.பி.யு. குலுங்கக்கூடாதாம். மடியில் குழந்தைபோல அதை வைத்துக்கொண்டு வந்தார். கடை வாசலிலேயே ஆட்டோ நின்றது. அவர் இறங்கவில்லை.

கடைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு அருகே பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். தன் எட்டு கம்ப்யூட்டர்களுக்கும் பாகங்கள் மாற்ற, அந்தப் பெண்ணுடன் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். நான் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை. நாட்குறிப்பை விரித்தேன். கார்டு வாங்கிய தேதி, பொருத்திய நேரம், அவர் கொடுத்த வாக்கு, நின்றுபோன தேதி, எல்லாவற்றையும் அலுவலகத்தில் விசாரணை அறிக்கை படிப்பதுபோலப் படித்தேன். கார்டைப் பற்றிய பக்கங்களை மட்டும் புரட்டிப் புரட்டிப் படித்தேன். இடையில் வந்த ஆயுத பூஜைப் பக்கத்தைத் தாண்டிப் போனேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"செத்துப்போன கார்டைத் துடைச்சுக் குடுத்திருக்கீங்க. கால் இல்லாத மனுஷனுக்குப் போய்ச் சேர்ற பொருள்னு தெரிஞ்சுமா இந்த வேலை?" என்று கேட்டேன்.

அவர் சி.பி.யு.வைத் திறந்து கார்டை உருவினார். விளக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, பென்சில் ரப்பரால் கார்டில் ஸ்லாட்டுக்குள் நுழையும் அடிப்பல்லைத் தேய்த்தார். துகள்கள் விழுந்த செய்தித்தாளைச் சட்டென்று மடித்து மேஜைக்கு அடியில் போட்டார். துகள்கள் மஞ்சளாக இருந்ததைக் கவனித்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. கார்டைத் திரும்பப் பொருத்தினார். திரையில் படம் வந்தது.

"காண்டாக்ட்ல அழுக்கு சார். நான் மாட்டும்போதே பாத்திருக்கணும்" என்றார்.

நான் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். பிரவுசிங் சென்டர்காரர் பட்டியலைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார்.

ஆட்டோ பெரிய கோபுரத்தைத் தாண்டியது. அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என் காலை எதுக்குடா கடைக்கு எடுத்துனு போன?"

நான் வீட்டில் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தேன். அவர் அதைப் போடவில்லை.

வழக்கப்படி நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். கார்டு மொத்தம் எத்தனை நாள் வேலை செய்தது என்று எண்ணிக் குறிப்பதற்காகப் பின்னால் புரட்டினேன். கடையில் தாண்டிப்போன பக்கம் வந்தது. என் கையெழுத்தில், தெளிவாக, 'உள் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம்' என்று இருந்தது. மஞ்சள் துகள்கள் நினைவுக்கு வந்தன. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அன்றைய பக்கம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை அலுவலகத்தில் பர்மிஷன் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். ஆயுத பூஜைப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும் சார். நேத்து கார்டை உருவினதுமே தெரிஞ்சுது. வாசனைகூடப் போகல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆட்டோல உங்க அண்ணன் உக்காந்திருந்தாரே. வண்டிக்கு வெக்கறாப்பல அவருதான் வெச்சிருப்பாருன்னு நெனச்சேன். வீட்டை விட்டே வராதவருன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. அன்னிக்கித்தான் வந்திருக்காரு. அவரு காதுல விழறாப்பல எப்படி சார் சொல்றது?"

"அவர் இல்லம்மா. நான்தான் வெச்சேன்."

"அது எனக்குத் தெரியலையே சார். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்." அவர் சிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. நேத்து இங்க மூணு பேரு இருந்தாங்க" என்றார்.

அங்கிருந்து நேராகச் செங்கம் சாலைக்குப் போனேன். பிரவுசிங் சென்டர்காரர் உட்காரவைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "வந்து சொன்னதுக்கு சந்தோஷம் சார். ஆனா காலையிலேயே வேலூர்ல ஒருத்தருக்கு அட்வான்ஸ் குடுத்து அனுப்பிட்டேன். இனிமே எப்படி மாத்தறது?" என்றார். அவர்மேல் தவறு சொல்ல முடியாது. மற்ற இருவரையும் என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தேதி, நேரம், வாக்கு எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்த நான், யார் யார் முன்னால் பேசினேன் என்பதைக் கவனித்திருக்கவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "மேல ஒண்ணு போதும்னு சொன்னேனே" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ கூப்பிடச் சொன்னார். கடை வாசலில் ஆட்டோ நின்றதும், அந்தப் பெண் வெளியே வந்தார். "நீ போய் டீ சாப்பிட்டுட்டு வா" என்று அண்ணன் என்னை அனுப்பிவிட்டார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் திரும்பி வந்தபோது அண்ணன் கைகளால் ஸ்டீரிங்கை ஒடிப்பதுபோலச் செய்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கம்ப்யூட்டரைப் போட்டார். அதன் பிறகு அவ்வப்போது வெளியே வரவும் ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவர் காலைப் பற்றி நான் வெளியில் யாரிடமும் பேசியதில்லை.

பொங்கல் கழித்து ஒரு நாள் அந்தச் சந்து வழியாகப் போனேன். கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. அடுத்திருந்த பூட்டுக் கடைக்காரரிடம் விசாரித்தேன். சென்னையில் ஏதோ கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகச் சொன்னார். நல்ல வேலை கிடைத்ததால் மூடினாரா, அந்த எட்டு கம்ப்யூட்டர் வேலை கைவிட்டுப் போனதால் மூடினாரா? தன் வார்த்தை பொய்யானால் கடையை மூடவேண்டியதுதான் என்று சொன்னவர், பொய்யாகாத வார்த்தைக்காக மூடினாரா? இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் எங்கள் கம்ப்யூட்டருக்கு அண்ணன்தான் பொட்டு வைக்கிறார், மேலே ஒன்று மட்டும். நான் இன்னமும் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆனால் யார்மீதாவது ஒரு குறையை எழுதப் பேனாவைத் திறக்கும்போதெல்லாம், அதற்கு முந்தைய நாட்களில் என் கைகள் என்ன செய்தன என்று ஒரு பக்கமும் தாண்டாமல் பின்னால் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பெரும்பாலும் அதன்பிறகு எழுத ஒன்றும் இருப்பதில்லை.