மானிட்டர் முன்னால் ஒரு சேலையும் ஒரு சட்டையும்

1. குவைத்துக்குப் போன ஆல்பம்

"அண்ணே, நீங்க சத்தியத்தச் சொல்லணும். இது எனக்க மந்திரகோடிதானா?"

2009-ஆம் வருடம். குளச்சலில் என் ஸ்டுடியோவின் கவுண்டரில் தன் கல்யாண ஆல்பத்தை விரித்துப் போட்டுக்கொண்டு ஷைனி கேட்டாள். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பெண். நான் படத்தைப் பார்த்தேன். சேலை அரக்கு நிறத்தில் இருந்தது. பிறகு அவள் கையில் இருந்த பையைத் திறந்து காட்டினாள். அதே சேலை, அதே சரிகை. ஆனால் நல்ல வாடாமல்லி நிறம்.

மந்திரகோடி என்பது எங்கள் கடற்கரைக் கிறிஸ்தவக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுக்கும் சேலை. கோவிலில் மந்திரித்துக் கொடுத்தபின் பெண் அதைத்தான் உடுக்க வேண்டும். ஆனால் பிளவுஸ் தைக்க வேண்டும் என்பதால் சேலை முன்கூட்டியே பெண் வீட்டுக்கு வந்துவிடும். வில்லங்கம் அங்கேதான்.

சேலை எடுத்தது மாப்பிள்ளையின் அக்கா லதா. குவைத்தில் நர்ஸ். லீவில் வந்தபோது தானே கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்கு வந்து திரும்பிய ஒருவர் கையில் ஆல்பத்தின் இன்னொரு காப்பியைக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் போனில் சொன்ன வார்த்தை இது: "நான் எடுத்தது இதில்ல. பெண்ணு வீட்டுக்காரங்க கடையில குடுத்து மாத்தி, குறஞ்சது வாங்கியிருக்காங்க."

"சாரிய கையில வச்சிருக்கியே, இதக் காட்டவேண்டியதுதானே?" என்றேன்.

"காட்டினேன் அண்ணே. இத இப்ப வாங்கி வச்சிருப்பாளுன்னு லதா மைனி சொல்லுகாவ. மாமிக்கு அண்ணைக்குள்ள கூட்டத் தெரக்குல நெறம் ஓர்மை இல்லியாம். போட்டோ பொய் சொல்லுமான்னு என்னத்தான் கேக்காவ. எனக்க வீட்டுக்காரவிய மீன்பிடி போட்டுல போனவிய, வர இன்னும் பத்து நாளு ஆவும். அதுக்குள்ள எங்க அப்பாவ ஒரு வீடே கள்ளனாக்கிப் போட்டு."

அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2. என் கண்ணும் என் மானிட்டரும்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டார்க் ரூமில் டிரே கழுவித் தொழில் படித்தேன். 2004-இல் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் "இந்த டிஜிட்டல் நிக்காதுவே" என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டு ஃபிலிம் கேமராவையும் விற்றுவிட்டு டிஜிட்டல் வாங்கியவன் நான். மண்டைக்காட்டிலிருந்து தேங்காப்பட்டணம் வரை யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் "தங்கையனக் கூப்பிடு" என்பார்கள். நிறத்தில் எனக்குள்ள கண் இந்த ஜில்லாவில் வேறு எவனுக்கும் கிடையாது. பிரிண்ட் போடும் லேபுக்கு ஃபைல் அனுப்பும்போதே "கலர் கரெக்‌ஷன் செய்யக் கூடாது, உள்ளபடி அடிக்கவும்" என்று எழுதித்தான் அனுப்புவேன். என் படத்தில் வேறொருவன் கை வைப்பதா?

ஆகவே தப்பு லேபுடையது என்று முடிவு கட்டி, அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். ஷைனியும் வந்தாள்.

லேபில் கலர் பார்ப்பவள் ஸ்டெல்லா. அளந்து பேசத் தெரியாதவள்.

"பேப்பர் மாத்தினியா, கெமிக்கல் செத்துப்போச்சா? உள்ளதச் சொல்லு," என்றேன்.

"ஆசானே, கத்தாதிங்க. வந்து பாருங்க." நான் அனுப்பிய ஃபைலைத் தன் மானிட்டரில் திறந்தாள். சேலை அரக்கு. அச்சு அசல் ஆல்பத்தில் உள்ளபடி. "நீங்க அரக்கு அனுப்பினிய, நான் அரக்கு அடிச்சேன். கை வைக்கப்பிடாதுன்னு எழுதினது ஆரு?"

"எனக்க மானிட்டர்ல வாடாமல்லியாக்கும்."

"பழைய குண்டு மானிட்டர எப்ப மாத்தினிய?"

போன வருடம்தான் மாற்றியிருந்தேன். தட்டை மானிட்டர், கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். வாங்கிய அன்று பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன்.

"புது எல்.சி.டி. எல்லாத்திலயும் நீலம் தூக்கலா இருக்கும் ஆசானே. ஸ்கிரீன் நீலமாக் காட்டுகு, நீங்க படத்திலேருந்து நீலத்தக் கொறைக்கிய. இல்லாத நோய்க்கு ஆப்பரேஷன். காலிப்ரேஷன், அதாவது கருவி வச்சு ஸ்கிரீன் நெறத்த அளந்து திருத்தாம, அதுல படத்தத் தொடவே பிடாது. கண்ணு எவ்வளவு நல்லதானாலும் ஸ்கிரீன் காட்டுனதத்தானே பாக்கும்?"

இதை நான் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கண் சரி, மானிட்டர் கள்ளன் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இன்றும் என் கருத்து அதுதான்.

"இப்பமே நெறத்த மாத்தி ஒரு ஆல்பம் அடிச்சுத் தா," என்றேன்.

அதற்கு ஷைனிதான் பதில் சொன்னாள். "வேண்டாம் அண்ணே. இப்ப கம்ப்யூட்டர்ல பெயிண்ட் அடிச்சு அனுப்பியிருக்காளுன்னு மைனி சொல்லுவாவ." ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தவள் ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "இது எங்க மாமாக்க சட்டதானே? இதுவும் நெறம் தப்பா இருக்கே. இளநீலம் அது. இதுல பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. மைனி குவைத்திலேருந்து அவிய கையால வாங்கி அனுப்பின சட்டையாக்கும்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். லதா தன் அப்பாவின் சட்டை நிறத்தை மறந்திருக்க முடியாது. சேலையும் சட்டையும் ஒரே படத்தில் ஒன்றாகச் சரியானால், கள்ளத்தனம் சேலையில் இல்லை, படத்தில்தான் இருந்தது என்று அவளே கண்டுகொள்வாள்.

3. மூன்று கருவிகள்

அடுத்த வாரம் லேபுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு விற்பனைக்காரர் வருவதாக இருந்தது, காலிப்ரேஷன் கருவிகளோடு. நான் என் மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். ஷைனி சேலையையும், கொடியில் காய்ந்த மாமனாரின் சட்டையையும் கொண்டுவந்தாள். கேட்காமல்தான் எடுத்து வந்தாள்.

விற்பனைக்காரர் வழவழ நோட்டீஸை நீட்டினார். "ஸ்பெசிஃபிகேஷன் பாருங்க சார், எல்லாம் இதுல உண்டு."

"நோட்டீஸ் கெடக்கட்டு. சாரியப் பிடியும்," என்று ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். சேலையை மானிட்டருக்கு இடப்பக்கமும் சட்டையை வலப்பக்கமும் தொங்கவிட்டோம். நல்ல டியூப்லைட் வெளிச்சம். ஸ்கிரீனில், எடிட் செய்யாத, கேமராவிலிருந்து வந்தபடியே உள்ள படம்.

முதலில் மார்த்தாண்டத்து நண்பன் ஒருவனிடமிருந்து இரவல் வாங்கிய பழைய கருவி. குண்டு மானிட்டர் காலத்தது, ரப்பர் கப் வைத்து ஸ்கிரீனில் ஒட்டுவது. தட்டை ஸ்கிரீனில் ரப்பர் கப்பை ஒட்டக்கூடாது, பேனல் கெட்டுப்போகும் என்று ஸ்டெல்லா அதைக் கையால் பிடித்துக்கொண்டாள். புரோகிராம் ஓடி முடிந்ததும் சேலை பட்டென்று வாடாமல்லி ஆனது.

"கிடைச்சாச்சு!" என்று கத்திவிட்டேன். "பைசா செலவில்லாத காரியம்."

"சட்டயப் பாருங்க அண்ணே," என்றாள் ஷைனி.

சட்டை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. ஸ்கிரீன் முழுக்க லேசாக ரோஸ் ஏறியிருந்தது. சேலை ஏற்கெனவே அந்தப் பக்கத்து நிறம் என்பதால் அதில் தெரியவில்லை. இந்தக் கருவிகளுக்குள் சின்ன ஃபில்டர்கள் இருக்கும். கடல் காற்றும் ஈரமும் லென்ஸில் பூசணம் பிடிக்க வைப்பது போல அவற்றையும் கெடுத்துவிடும். நாங்கள் கடலோரத்துக்காரர்கள். பழைய கருவி சும்மாவே கிடைத்தாலும் நமக்கு ஆகாது.

இரண்டாவது, புதியதில் விலை குறைந்தது. எலிக்குட்டி போல ஸ்கிரீனில் தொங்கும். சேலையும் சரி, சட்டையும் சரி. காசு கொடுக்கப் பர்ஸை எடுத்துவிட்டேன். ஸ்டெல்லா, "பொறுங்க, ஒரு பிரிண்ட் அடிச்சுப் பாப்போம்," என்றாள். பிரிண்ட் ஸ்கிரீனைவிட இருண்டு வந்தது. அந்தக் கருவி நிறத்தைத் திருத்துமே தவிர, ஸ்கிரீனின் வெளிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லாது. என் மானிட்டரோ பகல் வெயில் மாதிரி எரிகிறது.

மூன்றாவது அதற்கு மேல்படி. அது முதலிலேயே "பிரைட்னஸைக் குறை, இன்னும் குறை" என்று ஸ்கிரீனில் அம்புக்குறி காட்டிக்கொண்டே இருந்தது. குறைத்துக் குறைத்து, மானிட்டர் செத்துப்போச்சோ என்று எனக்கு சந்தேகம் வந்துவிட்டது. முடிந்ததும் பார்த்தால் சேலை சேலையாக இருந்தது, சட்டை சட்டையாக இருந்தது. ஸ்டெல்லா அடித்த பிரிண்டும் அதேபோல் வந்தது. நான்காவதாக இன்னொன்றும் பெட்டியில் இருந்தது, பிரிண்டரையும் அளக்கும், விலை கேட்டாலே தலை சுற்றும். "அது எங்கள மாதிரி லேபுக்குள்ளது ஆசானே, உங்களுக்கு வேண்டாம்," என்றாள். விற்பனைக்காரர் அவளை முறைத்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அத்தனை நேரமும் ஸ்கிரீனில் இருந்தது நான் தொடாத படம். கேமராவில் நான் எடுத்தபடியே சேலை வாடாமல்லி, சட்டை இளநீலம்.

"பாத்தியா ஸ்டெல்லா! கோவிலுக்குள்ள டியூப்லைட்டும் ஃப்ளாஷும் கலந்த வெளிச்சத்துல, வெள்ளைய வெள்ளையாக் காட்டுக ஒயிட் பேலன்ஸ இப்பிடி எவன் வைப்பான்?"

"ஆரு வச்சா? நீங்கதான். ஆரு கெடுத்தா?"

ஷைனி முதல்முறையாகச் சிரித்தாள். நான் மூன்றாவதை வாங்கினேன்.

4. ஒரு போன் கால்

ஆல்பம் முழுவதையும் என் செலவில் மறுபடி அடித்தேன். குவைத்துக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். ஷைனி சேலையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மாமனார் அருளப்பன் மட்டும் மகளிடம் போனில் சொன்னார்: "மக்களே, நீ வாங்கித் தந்த சட்டயில நான் நிக்கிய படத்த, பழசயும் புதுசயும் பக்கத்துல வச்சுப் பாரு." அதைச் சொல்வதற்கு முன், "எனக்க சட்டய எடுத்துட்டு நாகர்கோவிலுக்குப் போன கள்ளி ஆருட்டீ?" என்று மருமகளிடம் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் சொன்னார்.

சில நாள் கழித்து ஸ்டுடியோ போன் அடித்தது.

"தங்கையன் அண்ணனா? லதாவாக்கும்."

"சொல்லு மக்கா."

"அப்பாக்க சட்ட மொதல் ஆல்பத்துல பச்சையாக் கெடக்கு அண்ணே. அது என் கண்ணுல படவே இல்ல. நான் சாரிய மட்டுந்தான் பாத்தேன். அவகிட்ட நான் எந்த முகத்த வச்சுப் பேசுவேன்?"

"முகம் எதுக்கு? போன்லதானே பேசப் போற," என்றேன்.

ஒரு மூச்சில் சிரிப்பும் அழுகையும் கேட்டது. அன்று சாயந்திரமே ஷைனி ஸ்டுடியோவுக்கு வந்து, ஒரு பொதி கிழங்கு அவித்ததும் மீன்கறியும் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் தெரிந்துகொண்டேன். அடுத்த கிறிஸ்துமஸ் லீவில் மைனியும் தம்பி பெண்டாட்டியும் சேர்ந்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஷைனி அந்த மந்திரகோடியைத்தான் உடுத்தியிருந்தாள். லதா எனக்கு ஒரு கட்டளை போட்டாள்: "கம்ப்யூட்டர்ல எங்கள வெளுப்பாக்காண்டாம் அண்ணே. உள்ளது உள்ளபடி இருக்கட்டு."

5. எந்தக் கருவி வாங்கலாம்?

இளம் போட்டோகிராபர்கள் இப்போதும் போனில் கேட்கிறார்கள். நான் கம்பெனி பெயர் சொல்வதில்லை. கம்பெனி மாறும், மாடல் மாறும். பழையது வாங்காதே, வெளிச்சத்தையும் அளப்பதை வாங்கு, மானிட்டரை அரைமணி நேரம் ஓடவிட்டு அப்புறம் அள, ஜன்னல் வெயில் ஸ்கிரீனில் விழ விடாதே, மாதம் ஒருமுறை திரும்பவும் செய். வாங்குமுன், தெரிந்த துணி இரண்டை மானிட்டர் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார். ஒன்று மட்டும் போதாது. ஒரு நிறம் சரியாக வந்ததும் நான் கத்திய கத்தலை லேபில் இருந்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். மனிதர்கள் விஷயத்திலும் ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

என்னைப் போலத் தானாக வளர்ந்தவன் யாருக்கும் கடன்பட்டதில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் ஸ்டெல்லாவின் வாய்க்கும் ஷைனியின் கண்ணுக்கும் நான் கடன்பட்டவன். லதாவுக்கும்தான். அவள் சந்தேகப்படவில்லை என்றால் இந்தக் கடற்கரை முழுவதையும் நான் அரக்கு உடுக்கவைத்தே அனுப்பியிருப்பேன்.

மாதாந்திர சோதனைக்கு ஷைனி பிளவுஸ் தைத்த மீதித் துணியைக் கொடுத்தாள். சட்டையைக் கேட்டபோது அருளப்பன் மறுத்துவிட்டார். "சட்டயத் தரமாட்டேன்வே. வேணும்னா நான் வாறேன்." அப்படியே வந்தார். மாதம் ஒருநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மானிட்டருக்குப் பக்கத்தில் நிற்பார், ஸ்கிரீனில் கல்யாணப் படத்தில் இருக்கும் தன்னைப் பார்ப்பார், ஒரு டீ குடிப்பார், போவார். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் முகம் சுளித்தார்.

"ஓய், உம்ம மிஷின் கெட்டுப்போச்சு. சட்ட ரெண்டும் ஒண்ணு போல இல்ல பாத்தியளா?"

நான் வாடாமல்லித் துண்டை ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அது சரியாக இருந்தது.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணே. துவைச்சுத் துவைச்சு உம்ம சட்டதான் வெளுத்துப்போச்சு."

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார், டீயைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு குவைத்துக்குப் போனில் சொல்லியிருக்கிறார். அடுத்த லீவில் லதா அதே இளநீலத்தில் இரண்டு சட்டை கொண்டுவந்தாள். ஒன்று அப்பாவுக்கு, மற்றொன்று என் மானிட்டருக்கு.